மனநலத் துறைப் படிப்புகள்: எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டக் கூடாது

"ஆறு வாரத்தில் சான்றிதழ் பெற்ற கவுன்சலர் ஆகலாம்" என்ற விளம்பரமும், இரண்டு வருடம் மருத்துவமனை வார்டிலேயே கிடக்க வேண்டிய எம்.ஃபில். அறிவிப்பும் கைபேசியில் அடுத்தடுத்து வருகின்றன. பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வேலைக்கு இட்டுச்செல்வது போலத் தெரியும். உண்மையில் அப்படி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள், பி.எஸ்சி. உளவியல் முடித்து அடுத்தது என்ன என்று தேடுகிறவர்கள், வேறு வேலையிலிருந்து இந்தத் துறைக்கு வர நினைக்கிறவர்கள் ஆகிய மூவருக்குமாக, இந்தியாவில் இன்று கிடைக்கும் வழிகளை இங்கே எடைபோட்டிருக்கிறேன்.

எடைபோடப் பயன்படுத்திய கேள்விகள் இரண்டுதான். இந்தப் படிப்பை முடித்தால் என் பெயர் சட்டப்படி எந்தப் பதிவேட்டில் ஏறும்? நான் நோயாளியோடு உட்கார்ந்து பேசும்போது, அதைப் பார்த்துத் திருத்த அனுபவசாலி ஒருவர் இருப்பாரா? கட்டடம், குளிரூட்டிய வகுப்பறை, சான்றிதழில் உள்ள வெளிநாட்டு முத்திரை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

ஆள் தேவை என்பதில் சந்தேகமே இல்லை. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. கோளாறின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. இந்த இரண்டு எண்களையும் எல்லா விளம்பரங்களும் எடுத்துக்காட்டுகின்றன. சிகிச்சை கிடைக்காதவர்களுக்கு வேண்டியது பயிற்சி பெற்ற ஆள் என்பதை மட்டும் அவை விட்டுவிடுகின்றன.

கிளினிக்கல் சைக்காலஜி

அதிகம் பேர் விரும்புவதும் அதிகம் பேர் ஏமாறுவதும் இந்த வழியில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர் என்பது விருப்பப்பட்டவர் போட்டுக்கொள்ளும் பட்டம் அல்ல. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றம், அதாவது ஆர்.சி.ஐ., மையப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. அதில் பெயர் ஏறி, சி.ஆர்.ஆர். எண் கிடைத்தால்தான் அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியும். பதிவு இல்லாமல் தொழில் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதை உறுதிசெய்கிறது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த நிறுவனத்தில் பெற்ற கிளினிக்கல் சைக்காலஜி தகுதி ஒரு வழி. உளவியலில் முதுநிலைப் பட்டத்துக்கு மேல், நேரடி மேற்பார்வைப் பயிற்சியோடு முழுநேரமாக இரண்டாண்டு படித்த, ஆர்.சி.ஐ. ஏற்ற எம்.ஃபில். இன்னொரு வழி. இந்த இரண்டைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

சறுக்கல் எங்கே நடக்கிறது? பல கல்லூரிகள் "எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி" என்ற பெயரில் படிப்பு நடத்துகின்றன. அது பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூ.ஜி.சி. ஏற்ற பல்கலைக்கழகத்தின் முறையான பட்டமாகவே இருக்கலாம், பாடங்களும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அனுமதி தனியாக இல்லை என்றால், அதை முடித்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது. பட்டத்தின் பெயரில் அந்தச் சொல் இருப்பதால் மட்டும் எதுவும் மாறாது. உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவருக்கும் இதே நிலைதான். இரண்டு வருடமும் சில லட்சங்களும் போன பிறகு, வேலைக்கான நேர்காணலில் சி.ஆர்.ஆர். எண் கேட்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. சேர்க்கை அலுவலகம் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை.

எம்.ஃபில். நிலவரமும் குழம்பிக் கிடக்கிறது. யூ.ஜி.சி. 2022 நவம்பரில் கொண்டுவந்த ஒழுங்குமுறையில் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. பிறகு கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் எனப்படும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. எம்.ஃபில். இடத்தை நிரப்ப ஆர்.சி.ஐ. பக்கத்திலிருந்து புதிய பாடத்திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே "போன வருடம் அக்கா இங்கேதான் படித்தாள், பதிவும் கிடைத்தது" என்ற தகவல் இந்த வருடம் உதவாது. நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு, நீங்கள் சேரும் படிப்பின் பெயரில், அந்த நிறுவனத்துக்கு எத்தனை இடங்கள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன என்று ஆர்.சி.ஐ. தளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள். முடித்தவருக்குப் பதிவேட்டில் எந்தப் பணிப்பெயர் கிடைக்கும் என்றும் கேளுங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று சொன்னால் வந்த பிறகு சேர்கிறோம் என்று எழுந்து வந்துவிடலாம். பன்னிரண்டு இடத்துக்கு அனுமதி வாங்கி அதற்கு மேல் சேர்த்தால், கூடுதலாகச் சேர்ந்தவருக்குப் பதிவு கிடைப்பது சிக்கலாகும்.

பயிற்சியின் தரம் எப்படி? நல்ல துறைகளில் முதலாண்டு முழுக்க அடிப்படை வேலைதான். நோயாளியிடமும் உடன் வந்தவரிடமும் வரலாறு கேட்டு எழுதுவது, மனநிலைப் பரிசோதனை, சோதனைகளை நடத்தி மதிப்பெண் போட்டு அறிக்கை தயாரிப்பது. பினே-காமத், மிசிக், வைன்லேண்ட், ரோர்ஷாக், டி.ஏ.டி., நிம்ஹான்ஸ் நரம்பு உளவியல் தொகுப்பு ஆகிய உளவியல் சோதனைகளை ஒரு தடவை செய்து காட்டினால் போதாது. வழிகாட்டி பக்கத்தில் இருக்க நீங்களே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டாம் ஆண்டில் உளச்சிகிச்சைக்கு எடை கூடுகிறது. அமர்வு முடிந்த அன்றே குறிப்பு எழுதி, வாரந்தோறும் வழிகாட்டியிடம் கொண்டுபோய், எங்கே அவசரப்பட்டோம், எங்கே நோயாளி சொன்னதைக் கேட்காமல் அறிவுரைக்குத் தாவினோம் என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு வருடத்துக்குப் பணம் கட்டுவதற்கான காரணமே இந்த வாராந்தரத் திருத்தம்தான். இது இல்லாத துறை, பட்டியலில் பெயர் இருந்தாலும், பாதி விலைக்குக்கூட எடுபடாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம், தேஜ்பூர் லோகப்ரியா கோபிநாத் பர்தலை நிறுவனம், டெல்லி இபாஸ் ஆகியவை இத்துறையின் பழைய பயிற்சிக் களங்கள். நிம்ஹான்ஸின் முன்னோடியான அகில இந்திய மனநல நிறுவனம் 1954-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கு மருத்துவ, சமூக உளவியல் பட்டயப் படிப்பு ஆரம்பமானது. இன்றைய எம்.ஃபில்.லின் வேர் அதில்தான் இருக்கிறது. இங்கெல்லாம் கட்டணம் குறைவு, நோயாளிகள் அதிகம், நுழைவுத் தேர்வு கடினம். தமிழ்நாட்டில் முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனமான நீப்மெட், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்கள் இருக்கின்றன. வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளோடு வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு நீப்மெட் சூழல் பொருந்தும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, போதை என்று பெரியவர்களின் கடும் நோய்களைப் பார்க்க வேண்டும் என்றால், சொந்தமாக உள்நோயாளர் வார்டு வைத்திருக்கும் பொது மருத்துவமனையோ மனநல மருத்துவமனையோ சிறந்தது. தனியார் கல்லூரி சிலவற்றில் வார்டே இல்லாமல், வாரத்துக்கு இரண்டு நாள் வேறு மருத்துவமனைக்குப் பேருந்தில் அனுப்புவார்கள். அங்கே மாணவர் ஓரமாக நின்று பார்ப்பதோடு சரி.

மொழி இன்னொரு குறை. பாடம் ஆங்கிலத்தில், சோதனைக் கையேடு ஆங்கிலத்தில், வரும் நோயாளி தமிழில். "நரம்புத் தளர்ச்சி", "நெஞ்சுல படபடன்னு அடிக்குது", "உடம்பெல்லாம் எரியுது", "காத்து கருப்பு பட்டிருக்கு" என்று சொல்கிறவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது என்பதைப் பாடப்புத்தகம் கற்றுத்தராது. வார்டில்தான் கற்க முடியும். சென்னையிலும் மதுரையிலும் படிப்பவர்களுக்கு இது தானாகவே கிடைத்துவிடுகிறது. வெளிமாநிலத்தில் படித்துத் திரும்புகிறவர்கள் முதல் ஆறு மாதம் தமிழ்நாட்டு வெளிநோயாளர் பிரிவு ஒன்றில் வேலை செய்த பிறகு தனியாகத் தொடங்குவது நல்லது.

பதிவு ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும் என்று நினைக்க வேண்டாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆர்.சி.ஐ. ஏற்ற தொடர்கல்வி நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும். கடைசி வருடத்தில் ஒரேயடியாகத் தேடி ஓடுகிறவர்கள் தலைப்புக்குப் பொருந்தாத கூட்டங்களில் பணம் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்று பிரித்துக்கொண்டால் படிப்பும் உருப்படியாக இருக்கும்.

தொலைநிலைப் பட்டமும் குறுகியகாலச் சான்றிதழும்

2021-இல் வந்த தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், ஆர்.சி.ஐ. வரம்பில் வராத உளவியலாளர், ஆலோசகர், மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரை நடத்தை சார் சுகாதாரப் பிரிவில் சேர்த்திருக்கிறது. அதன் தொடர்ச்சியாக, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல் உள்ளிட்ட அந்தப் பிரிவுப் படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று யூ.ஜி.சி. உத்தரவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் எம்.எஸ்சி. உளவியல் முடித்து இந்தத் துறைக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம், அவர்களில் திறமையானவர்களும் உண்டு. குடும்பப் பொறுப்புள்ள பெண்களுக்கும் சிற்றூர்க்காரர்களுக்கும் இருந்த ஒரே கதவு சாத்தப்பட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. நோயாளியைப் பார்க்காமலே பட்டம் வாங்கும் நிலையும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இப்போதும் யாராவது "ஆன்லைன் எம்.எஸ்சி. சைக்காலஜி, சேர்க்கை நடைபெறுகிறது" என்று அழைத்தால், இந்த உத்தரவைக் காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள்.

வாரக் கணக்கில், மணிக் கணக்கில் தரப்படும் சான்றிதழ்களை இரண்டாகப் பிரிக்கலாம். ஏற்கெனவே தகுதி உள்ள ஒருவர், குறிப்பிட்ட சிகிச்சை முறை ஒன்றைக் கற்கச் சேரும் பயிற்சி முதல் வகை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, குடும்பச் சிகிச்சை, போதை மீட்பில் ஊக்க நேர்காணல் போன்றவை. பயிற்சிக்குப் பின் கேஸ் கொண்டுவந்து விவாதிக்கும் அமர்வுகள் உண்டு என்றால் இவை கொடுத்த காசுக்குத் தகும்.

எந்த அடிப்படைப் பட்டமும் இல்லாதவரைக் கவுன்சலர் என்று அழைத்து அனுப்பும் பயிற்சி இரண்டாம் வகை. இதற்கு நான் ஒரு ரூபாய்கூடப் பரிந்துரைக்க மாட்டேன். பதிவு செய்து வைத்த காணொலிகள், கடைசியில் பலவுள் தெரிவு வினாத் தேர்வு, அஞ்சலில் ஃபிரேம் போட்ட சான்றிதழ். இதில் இல்லாதது எது என்று பாருங்கள். எதிரே இருப்பவர் தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் என்ன கேட்க வேண்டும், யாரிடம் அனுப்ப வேண்டும், அன்றிரவு அவரோடு யார் இருக்க வேண்டும் என்ற பயிற்சி அதில் கிடையாது. தைராய்டு கோளாறு சோர்வாகவும், மனச்சிதைவின் தொடக்கம் படிப்பில் நாட்டமின்மையாகவும் தோன்றுவதைப் பிரித்தறியும் பயிற்சியும் கிடையாது. விளைவு, மருந்து தேவைப்படுகிறவருக்கு மாதக்கணக்கில் "பாசிட்டிவா யோசிங்க" என்ற அறிவுரை போய்ச்சேர்கிறது. கேடு சான்றிதழ் வாங்கியவரோடு நிற்காமல் அவரிடம் வந்தவரைச் சேர்கிறது என்பதால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

முறையான பட்டம் இல்லாதவர்களும் மனநலப் பணியில் பயன்பட முடியும், அது நிரூபிக்கப்பட்ட ஒன்று. கோவாவின் சங்காத் அமைப்பு, உள்ளூர் மக்களையே பயிற்றுவித்து மனச்சோர்வுக்கான உளச்சிகிச்சை கொடுக்க வைத்து, அதன் பயனை முறையான ஆய்வுகளில் காட்டியிருக்கிறது. ஆனால் அங்கே எல்லையுள்ள கையேடு ஒன்று உண்டு, அமர்வுகளைக் கேட்டுத் திருத்தும் மேற்பார்வை உண்டு, கடினமான கேஸை மேலே அனுப்பும் ஏற்பாடும் உண்டு. இணையச் சான்றிதழ் விற்பவர்கள் இந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டும்போது அந்த மூன்றையும் தாங்கள் தருகிறார்களா என்று கேளுங்கள்.

இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கத்தான் சான்றிதழ் தேடுகிறீர்கள் என்றால், அதைவிட நல்ல வழி தன்னார்வப் பணி. சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்னேகா தற்கொலைத் தடுப்பு மையம் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. சம்பளம் இல்லை, பட்டமும் இல்லை. துயரத்தில் இருப்பவர் பேச, குறுக்கிடாமல் கேட்க உங்களால் முடியுமா என்பது அங்கே தெரிந்துவிடும்.

சமூகப் பணி, செவிலியம்

தமிழ்நாட்டில் கட்டணத்துக்கும் பலனுக்கும் பொருத்தம் பார்த்தால், என் கணக்கில் முதலிடம் மருத்துவ, மனநலப் பிரிவுடன் கூடிய சமூகப் பணி முதுநிலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு. 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப் பணிக் கல்லூரி, லயோலா, திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி. என்று நல்ல துறைகள் பரவலாக இருக்கின்றன. எந்த இளநிலைப் பட்டத்தோடும் பெரும்பாலும் சேரலாம். இதன் பலம் களப்பணி. வாரத்தில் இரண்டு நாள் வெளியே போயாக வேண்டும், களப்பணி அறிக்கை எழுதியாக வேண்டும், துறை ஆசிரியரும் நிறுவனத்தில் உள்ளவரும் அதைப் படித்தாக வேண்டும். உளவியல் எம்.எஸ்சி. பலவற்றில் இல்லாத ஒழுங்கு இது. நோயாளியின் வீட்டுக்குப் போவது, ரேஷன் கார்டும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கிக் கொடுப்பது, மருந்தை நிறுத்தியவரை மீண்டும் ஓ.பி.க்கு வரவைப்பது, குணமாகித் திரும்பியவருக்கு வேலை தேடுவது எல்லாம் இவர்கள் கையில். மனச்சிதைவு உள்ளவர் மூன்றாண்டு கழித்தும் நலமாக இருக்கிறார் என்றால் மாத்திரைக்குச் சமமாக இந்த வேலைக்கும் அதில் பங்கு உண்டு.

எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் முடித்தால் சட்டம் சொல்லும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் ஆகிவிட முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் விளக்கப்படி அதற்கு மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். வேண்டும். அந்த எம்.ஃபில்.லுக்கு வந்த இடைஞ்சலை மேலே சொல்லிவிட்டேன். ஆனாலும் எம்.எஸ்.டபிள்யூ.வோடு திறந்திருக்கும் வேலைகள் பல. எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சகி ஒருங்கிணைந்த சேவை மையம், போதை மீட்பு மையங்கள், 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-இல் தொடங்கிய தி பான்யன் போன்ற மனநல அமைப்புகள். சம்பளம் தொடக்கத்தில் குறைவு, அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்தம். மூன்றாம் வருடத்தில் பலர் விலகி நிறுவனங்களின் மனிதவளத் துறைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சம்பளம் கொடுக்கிறவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

செவிலியர்கள் இந்தத் துறையைத் தள்ளி வைப்பது வருத்தமான விஷயம். ஏற்கெனவே பதிவு பெற்ற செவிலியர் ஓராண்டு மனநலச் செவிலியப் பட்டயம் படிக்கலாம், பி.எஸ்சி. செவிலியம் முடித்தவர் இரண்டாண்டு எம்.எஸ்சி. படிக்கலாம். வார்டில் நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர் செவிலியர்தான். மருந்தின் பக்கவிளைவான கை நடுக்கத்தையும் கழுத்து இழுப்பையும் முதலில் கவனிப்பவரும், ஒருவர் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை மருத்துவரிடம் சொல்பவரும் அவர்தான். எம்.எஸ்சி. முடித்ததும் கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போகும் வழக்கம் மாறி, வார்டிலேயே பதவி உயர்வும் சம்பளமும் கிடைத்தால் இது சிறந்த வழியாக இருக்கும். இப்போதைக்கு வேலைப் பாதுகாப்பு, வெளிநாட்டு வாய்ப்பு இரண்டிலும் மற்ற வழிகளைவிட மேல்.

மருத்துவம், ஆக்குபேஷனல் தெரபி

மனநல மருத்துவர் ஆவது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், வழி தெளிவானது. எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு, பிறகு நீட்-பி.ஜி. எழுதி எம்.டி. அல்லது டி.என்.பி. மூன்றாண்டு. குழந்தைகள், முதியோர், போதை என்று மேற்சிறப்புப் படிக்க நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் டி.எம். உண்டு. இடம் தேர்வு செய்யும்போது கல்லூரியின் பெயரைவிட, தனி மனநல வார்டு, குழந்தைகள் ஓ.பி., போதை மீட்புப் படுக்கைகள், மின்னதிர்வுச் சிகிச்சை வசதி, துறையிலேயே ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். 1794-இல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் ஒரு மாதத்தில் பார்க்கும் வகைகளைச் சிறிய கல்லூரியில் மூன்றாண்டிலும் பார்க்க முடியாது.

அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபியைப் பலரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார்கள். இதில் இளநிலைப் படிப்பு முடித்தவர்களுக்கு மனநல மறுவாழ்வில் இடம் உண்டு. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் படித்தால் அந்தப் பக்கத்தையும் பார்க்கலாம்.

வேலை எங்கே, நிபந்தனை என்ன

பள்ளிக் கவுன்சலர் வேலை வேகமாக வளர்கிறது. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகளிலேயே ஆலோசகர் இருக்க வேண்டும் என்று உண்டு. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வகுத்தது. பயிற்சி மையங்களும் இதில் அடங்கும். வேலை ஒப்புக்கொள்ளும் முன் பள்ளி முதல்வரிடம் மூன்று விஷயம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கதவு மூடிப் பேச அறை உண்டா? விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்கு அனுப்புவீர்களா? மாணவர் சொன்னதை நிர்வாகம் கேட்டால் எதுவரை சொல்ல வேண்டும்? உயிருக்கு ஆபத்து, பாலியல் கொடுமை ஆகியவற்றில் சொல்லியே ஆக வேண்டும் என்பதையும், மற்றவை அறைக்குள்ளேயே இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கதவே இல்லாத நூலக மூலையில் கவுன்சலரை உட்கார வைத்துவிட்டு, யாரும் வருவதில்லை என்று குறைபடும் பள்ளிகள் இருக்கின்றன.

அரசு வழியில் மாவட்ட மனநலத் திட்டம் முக்கியமானது. 1996-இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிப் பிறகு விரிந்த இதில் மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோர் ஒரே குழு. வட்ட மருத்துவமனைகளுக்கு வாரம் ஒரு நாள் என்று சுற்றுவார்கள். தொடக்கக்காரர் ஒருவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் எனக்குத் தெரியவில்லை. நான்கு தொழில்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேசும் இடம் வேறு எங்கும் எளிதில் அமையாது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவைக்கு, 14416 என்ற எண்ணில் வரும் அழைப்புகளை எடுக்க ஆலோசகர்கள் வேண்டும். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. முகம் பார்க்காமல் குரலை வைத்து ஆபத்தை மதிப்பிடும் திறமை இங்கே வளரும். இரவுப் பணியும் அடுத்தடுத்த நெருக்கடி அழைப்புகளும் ஆளை உலர்த்தும் என்பதால், பணிக்குப் பிந்தைய கலந்துரையாடல் உண்டா என்று கேட்டுச் சேருங்கள்.

தனியார் மறுவாழ்வு இல்லங்கள், போதை மீட்பு மையங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் பதிவு இல்லாத காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். இன்று எந்த முறையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு சொல்கிறது. உள்நோயாளர்களை வைக்கும் மனநல நிறுவனம் எதுவானாலும் மாநில ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் நடத்துபவருக்கு முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் வரை போகும். பதிவு இல்லை என்று தெரிந்தே அங்கு வேலை செய்யும் மனநலத் தொழிலருக்கும் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. "ஆலோசகர் தேவை, உணவு தங்குமிடம் இலவசம்" என்ற விளம்பரத்துக்குப் போனால் முதலில் பதிவுச் சான்றைக் கேளுங்கள். பிறகு மனநல மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார், நோயாளியின் சேர்க்கைப் படிவத்தில் யார் கையெழுத்து இருக்கிறது, குடும்பத்தோடு தொலைபேசியில் பேச விடுகிறார்களா என்று பாருங்கள். இவற்றுக்குத் தயங்கும் இடத்தில் ஒரு நாள்கூட வேலை செய்ய வேண்டாம்.

இணையவழி ஆலோசனைத் தளங்கள் புதியவர்களுக்கு வேலையை எளிதாகக் கொடுக்கின்றன. ஆனால் அமர்வுக்கு இவ்வளவு என்றுதான் பணம். வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் வராவிட்டால் அது யார் இழப்பு, குறிப்புகள் யாரிடம் இருக்கும், பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தற்கொலைக்கு முயன்றால் அவருடைய முகவரியும் அவசர எண்ணும் உங்களுக்குத் தெரியுமா? இந்த மூன்றாவதற்குத் தெளிவான நடைமுறை இல்லாத தளத்தில் பதிவு செய்யவே கூடாது. தனி கிளினிக் திறக்க நினைப்பவர்கள் குறைந்தது இரண்டாண்டு ஒரு குழுவில் வேலை செய்த பிறகு திறக்கலாம். தனியாக உட்கார்ந்தாலும் மேற்பார்வையாளர் ஒருவருக்கு மாதந்தோறும் கட்டணம் கொடுத்து கேஸ் பேசுவதை வாடகை போல ஒரு செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

பணம் கட்டும் முன்

கல்லூரியில் சேர்க்கை அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் துறைக்கே போங்கள். வேலைநாள் ஒன்றில், காலை பத்து மணிக்குப் போனால் ஓ.பி. நடக்கிறதா, எத்தனை மாணவர்கள் நோயாளிகளோடு இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். ஆசிரியர் பட்டியலில் உள்ள பெயர்களுக்கு நேரே சி.ஆர்.ஆர். எண் இருக்கிறதா என்று கேட்டு, அதைப் பதிவேட்டில் சரிபாருங்கள். அனுமதிக்காகப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு மாதம் ஒரு தடவை வந்து கையெழுத்திடும் ஆசிரியர்கள் உண்டு. ஆகவே அவர் எந்த நாட்களில் இருப்பார் என்பதை இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். சோதனைப் பெட்டிகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நகலெடுத்த மங்கிய படங்களும் துண்டு காணாமல் போன கட்டைகளும் இருந்தால், அந்தத் துறை சோதனைகளை எவ்வளவு பொறுப்பாக நடத்துகிறது என்று புரிந்துவிடும்.

கட்டணப் பட்டியலில் பயிற்சிக் கட்டணம், சோதனைப் பொருள் கட்டணம், வெளி மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு, ஆய்வேட்டுக் கட்டணம் ஆகியவை தனியா, சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். ஊக்கத்தொகை உண்டு என்று சொன்னால் எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைத்துவிட வேண்டாம். மாணவர் இடையில் விலகினால் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கவும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்காமல் இருக்கவும் யூ.ஜி.சி. விதிகள் உள்ளன. அவற்றின் அச்சுப்படி ஒன்று கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.